வரப்புக்கு அந்தப் பக்கம்

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)



துப்பாக்கி என்ற வார்த்தையைக் கேட்டதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சினிமாவில் கதாநாயகன் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பத்துப் பேரைச் சாய்ப்பான், அது ஞாபகம் வரும். இல்லாவிட்டால் போலீஸ். அதையும் விட்டால் கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடை. காசைக் கொடுத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுடுவோம். குழல் ஒரு பக்கம் பார்க்கும், குண்டு ஒரு பக்கம் போகும். கடைக்காரர் சிரிப்பார். அவ்வளவுதான் நமக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு.

இந்த மலரில் அதைப் பற்றி ஏன் எழுத வந்தேன் என்று கேட்கலாம். நமக்குள் சிலர் லீவு நாட்களில் தோப்புகளுக்குப் போய் ஏர்கன் வைத்துச் சுட்டுப் பழகுகிறார்கள். திங்கட்கிழமை வகுப்பில் அதே பேச்சாக இருக்கிறது. "நான் எட்டு அடிச்சேன், நீ மூணுதாண்டா" என்று ஒரே அமர்க்களம். இன்னொரு பக்கம், "இதெல்லாம் நமக்கெதுக்கு? ரவுடிப் பழக்கம்" என்று திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறி பார்த்துச் சுடுவது நல்ல விளையாட்டு. டிப்ளமோ மாணவனுக்கு மிகவும் பொருத்தமான விளையாட்டு என்றுகூடச் சொல்வேன். ஆனால் நிலம் நம் நண்பனுடையது என்பதாலேயே அது நமக்கும் நண்பனுக்கும் மட்டும் சம்பந்தப்பட்ட விளையாட்டு ஆகிவிடாது.

ஒரு நாள் தோப்பில்

போன டிசம்பர் விடுமுறையில் வகுப்புத் தோழன் ஒருவன் எங்கள் ஐந்து பேரைப் பேராவூரணிப் பக்கம் உள்ள அவன் தாத்தாவின் தென்னந்தோப்புக்கு அழைத்துப் போனான். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் புயலில் அந்தத் தோப்பில் ஒரு வரிசை மரம் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. வேரோடு விழுந்த மரங்களைப் பொக்லைன் வைத்து அள்ளியபோது குவித்த மண் ஓர் ஆளுக்கு மேல் உயரமாக ஒரு மேடாக நிற்கிறது. அந்த மண்மேட்டுக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்தார் தாத்தா. அதற்கும் முன்னால்தான் எங்கள் குறிகள். காலி பால்பவுடர் டப்பா இரண்டு, அட்டையில் சாக்பீஸால் போட்ட வட்டம், நூலில் கட்டித் தொங்கவிட்ட குரும்பை நாலைந்து.

ஆறு பேருக்கு ஒரே ஒரு ஏர்கன். ஒருவன் சுடும்போது மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து குண்டு. மதியம் மீன் குழம்பும் சோறும். நடுநடுவே இளநீர். பம்புசெட் தொட்டியில் குளியல். அவசரம் இல்லை, பந்தயம் இல்லை. காற்றில் ஆடும் குரும்பையை ஒருவன் அடித்துவிட்டால் மற்ற எல்லோரும் கத்துவோம். பரீட்சை எழுதிக் களைத்துப்போன மண்டைக்கு அது எவ்வளவு நல்ல ஓய்வு என்பதை வார்த்தையில் சொல்ல முடியாது.

தாத்தா போட்ட சட்டங்கள் நாலே நாலுதான். குண்டு இல்லை என்று தெரிந்தாலும் இருப்பதாகவே நினைத்துக்கொள். எதைச் சுடப் போவதில்லையோ அதன் பக்கம் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. உலகத்தில் எந்தச் சுடுதளத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இதே நாலு விதிகளைத்தான் சொல்லிக் கொடுப்பார்களாம். இவற்றில் நாலாவது விதியைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

இது நம்ம பாடம்தான்!

'டிப்ளமோ மாணவனுக்குப் பொருத்தமான விளையாட்டு' என்று சும்மா சொல்லவில்லை. முதல் ஆண்டில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? "இவ்வளவு நுணுக்கமா அளந்து என்னடா கிழிக்கப் போறோம்?" என்று நம்மில் எத்தனை பேர் முணுமுணுத்தோம்! ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியின் குறி அட்டையில் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். பேனா முனை வைத்த புள்ளி மாதிரி. அதைப் பத்து மீட்டர் தள்ளி நின்று, கையில் தாங்கிப் பிடித்த துப்பாக்கியால் அடிக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே அரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால் பத்து மீட்டர் தூரத்தில் குண்டு எவ்வளவு விலகும்? வடிவொத்த முக்கோணம்தான். இரண்டு சென்டிமீட்டர்! அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தை விட்டே வெளியே போய்விடும். இன்னொன்று. குண்டு விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் பத்து மீட்டரைக் கடக்க 0.057 விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை 1.6 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். அதற்கும் சேர்த்துத்தான் குறியைச் சரிசெய்து வைக்க வேண்டும். இயக்கவியல் பாடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்த சூத்திரம், தோப்பில் குரும்பையை அடிக்கும்போது கண் முன்னால் வந்து நிற்கிறது.

ஏர்கன்னும் நம்ம பட்டறைச் சாமான்தான். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்குகிறது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை அழுத்துகிறது, காற்று குண்டைத் தள்ளுகிறது. குண்டு போடாமல் வெறுமனே அடித்தால் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை இருக்காது, நேராகப் போய் மோதும். "வெறுங் குழல்ல அடிக்காதே, சாமான் போயிரும்" என்று தாத்தா கத்தியதன் காரணம் அதுதான். அவர் நாலாம் வகுப்பு. நாம் சூத்திரத்தோடு சொல்வதை அவர் சூத்திரம் இல்லாமல் சொன்னார்.

பணக்காரர் விளையாட்டா?

"அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார் என்றால், அவருக்கு வீட்டிலேயே சுடுதளம் இருந்தது. நமக்கு வீடே ஒரே அறைதானே" என்று என் அறைத்தோழன் சொன்னான். நியாயமான பேச்சு. போட்டித் துப்பாக்கி விலை நமக்கெல்லாம் எட்டாத உயரம். அதை மறுக்கவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை நண்பர்களே! 2024-இல் பாரீஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. ரயில்வேயில் வேலை பார்த்தவர். அதே பாரீசில் மனு பாக்கர் என்ற ஹரியானாப் பெண் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கினார். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். நம் புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் பாரீஸ் வரைக்கும் போய்வந்தார்.

நாம் எல்லோரும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. அது தேவையும் இல்லை. தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவன் எல்லாம் இந்திய அணிக்கா ஆடுகிறான்? சந்தோஷத்துக்கு ஆடுகிறான். அந்தச் சந்தோஷம் நமக்கும் உரியது என்பதுதான் என் வாதம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "படிப்பு, வேலை, இது ரெண்டைத் தவிர வேற எதையும் நினைக்காதே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அவர்கள் கஷ்டம் அப்படி. ஆனாலும் ஓய்வும் விளையாட்டும் நிலபுலன் உள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எழுதி வைத்ததா என்ன?

பொம்மைத் துப்பாக்கி அல்ல

அடுத்த கட்சிக்காரர்கள் சொல்வது: "அட, ஏர்கன்தானே! அதுல என்ன ஆயிடப் போவுது?"

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஈயக் குண்டின் எடை சுமார் அரை கிராம். விநாடிக்கு 175 மீட்டர் வேகம். இயக்க ஆற்றல் ஏறக்குறைய 8 ஜூல் வருகிறது. ஒரு கிலோ எடைக்கல் 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன அடி அடிக்குமோ அதே ஆற்றல். அந்த அடி முழுவதும் 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இடத்தில் விழுந்தால்? கண்ணில் பட்டால் கண் போயிற்று. குறி தவறினால் நூறு மீட்டருக்கு அப்பாலும் போகும். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு நம் நாட்டில் ஆயுத உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. அரிவாளுக்கும்தான் உரிமம் கிடையாது!

ஈயம் விஷம் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் முறுக்கு தின்னக் கூடாது. குண்டை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு சுடுவது மகா மடத்தனம்.

அப்புறம் பறவைகள். ஏர்கன் கையில் கிடைத்ததும் டப்பாவை விட்டுவிட்டுக் கொக்கு, மைனா, கிளி என்று மரத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 1900-இல் பாரீஸ் ஒலிம்பிக் நடந்தபோது உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டி வைத்தார்கள். நூற்றுக்கணக்கில் புறாக்கள் செத்தன. அந்த அசிங்கத்தை அதோடு விட்டுவிட்டு, களிமண் தட்டுக்கு மாறினார்கள். அந்தத் தட்டுக்கு ஆங்கிலத்தில் 'களிமண் புறா' என்ற பொருளில் இன்றும் பெயர் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒலிம்பிக் கைவிட்டதை நாம் தோப்பில் செய்வதா?

வரப்புக்கு அந்தப் பக்கம்

இப்போது நாலாவது விதிக்கு வருகிறேன். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அன்றைக்குக் காலையில் நாங்கள் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, தோப்புக்குள் மாட்டுக்குப் புல் அறுக்க மூன்று பெண்கள் வந்தார்கள். தலையில் சும்மாடு, கையில் அரிவாள். துப்பாக்கியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அதில் வயதில் மூத்தவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நாங்க எங்கிட்டு நிக்கணும்?"

அதட்டலாகவும் கேட்கவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டார். தாத்தா உடனே, "நீங்க அறுத்து முடிங்க ஆத்தா, பசங்க அப்புறம் சுடுவானுங்க" என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து, "அவங்களுக்கு இது பொழப்பு, உங்களுக்கு இது வெளையாட்டு. உக்காருங்கடா" என்றார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் புல்லுக்கட்டோடு வரப்பைத் தாண்டி ரோட்டுக்குப் போன பிறகு, தாத்தா மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு சுற்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூங்கில் கழியில் சிவப்புத் துண்டைக் கட்டி வரப்பு ஓரம் நட்டார். அதற்குப் பிறகுதான் முதல் குண்டு.

நண்பர்களே, அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் அம்மா களையெடுப்புக்கும் நடவுக்கும் போகிறவர். அடுத்தவர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வியே அதுதான். எங்கே நிற்க? எங்கே உட்கார்ந்து சாப்பிட? எந்த வழியாகப் போக? துப்பாக்கி பிடித்தவனைப் பார்த்தும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அப்போது நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் அம்மா வழக்கமாக நிற்கிற இடம் அந்தப் பக்கம்.

'தனியார் நிலம்' என்று சொல்கிறோம். பட்டாவில் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் அந்த நிலத்துக்குள் காலையிலிருந்து இரவு வரை எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புல் அறுக்கிறவர், தேங்காய் வெட்டுகிறவர், மட்டை பொறுக்குகிறவர், ஆடு மேய்க்கிற பிள்ளை, தண்ணீர் பாய்ச்ச இரவில் வருகிறவர், குறுக்கு வழியாகப் பள்ளிக்கூடம் போகிற சிறுசுகள். வெளியூரிலிருந்து லீவுக்கு வந்தவன் கண்ணுக்கு அது ஆள் இல்லாத தோப்பு. அங்கே பிழைக்கிறவர்களுக்கு அது ரோடு, வேலைக்களம், சில நேரம் வீடும்கூட. பறந்து போகிற குண்டு பட்டா பார்த்தா போகிறது?

இது வெறும் கற்பனைப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் 2021 டிசம்பர் 30 அன்று என்ன நடந்தது? பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடுதளத்தில் மத்தியப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுடுதளத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பையன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்துபோனான். சுட்டவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் அல்ல, முறையாகப் பயிற்சி பெறுகிறவர்கள். அது தோப்பு அல்ல, அரசாங்கத்தின் சுடுதளம். அங்கேயே அப்படி என்றால், மணல் மூட்டைகூட இல்லாமல் வேலியில் பாட்டிலை வைத்துச் சுடுகிறவனை என்ன சொல்வது? அந்தப் படைத் துப்பாக்கியின் வேகம் ஏர்கன்னுக்குக் கிடையாதுதான். ஆனால் குறிக்குப் பின்னால் யாரோ ஒருவர் இருக்கலாம் என்ற உண்மை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கல்யாணத்திலும் கொண்டாட்டத்திலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது வட மாநிலங்களில் எத்தனையோ உயிரைக் குடித்திருக்கிறது. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, அப்படிச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று கொண்டுவந்தார்கள். சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் போலீஸ் வந்து நிற்க முடியாத தோப்புக்குள் சட்டமாக நிற்க வேண்டியது நம் மனசாட்சிதான்.

"அப்படியானால் சுடவே வேண்டாம், தடை செய்துவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். தடை போட்டால் திருட்டுத்தனமாகச் சுடுவார்கள். அப்போது மண்மேடும் இருக்காது, சிவப்புத் துண்டும் இருக்காது, "உக்காருங்கடா" என்று சொல்ல ஒரு தாத்தாவும் இருக்க மாட்டார். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, முறையாகக் கற்றுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

என்ன செய்யலாம்?

நம் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று. முதல்வர் ஐயாவின் அனுமதியோடும் உடற்கல்வி ஆசிரியரின் மேற்பார்வையோடும் நம் கல்லூரியிலேயே பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகும் இடம் ஒன்றை ஏற்படுத்தலாம். பத்து மீட்டர் என்பது ஒரு நீள வராண்டாதான். பக்கவாட்டில் யாரும் நுழைய முடியாதபடி அடைத்துவிட வேண்டும். குண்டு வாங்கும் பெட்டியை நம்ம வெல்டிங் ஷாப்பிலேயே செய்துவிடலாம். சாய்வாக வைத்த இரும்புத் தகடு, கீழே மணல் தட்டு. தகட்டில் பட்ட குண்டு மணலுக்குள் விழும், ஈயமும் தரையில் சிதறாது. அட்டையை மாற்றக் கயிறும் கப்பியும் போதும். மெக்கானிக்கலும் சிவிலும் எலக்ட்ரிகலும் சேர்ந்தால் ஒரு மாதத்து வேலை. பெண் தோழிகளும் சமமாகப் பங்கெடுக்கும்படி நேரம் ஒதுக்க வேண்டும். இளவேனிலும் மனு பாக்கரும் வந்த பிறகும் இது ஆண் பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொல்வார்களா?

இரண்டு. உயிருள்ள எதையும் சுடுவதில்லை என்று பழக வருகிற ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். காக்காயானாலும் சரி, அணிலானாலும் சரி.

மூன்று. இதுதான் எனக்கு முக்கியம். லீவு நாளில் யாருடைய தோப்புக்குப் போனாலும், நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அந்த நிலத்தில் அன்றைக்கு வேலை செய்கிறவர்களிடமும் கேட்க வேண்டும். "நாங்க எங்கிட்டு நிக்கணும்?" என்று அவர்கள் நம்மைக் கேட்கும்படி வைக்கக் கூடாது. "அக்கா, நீங்க எந்தப் பக்கம் வேலை செய்யறீங்க? எத்தனை மணிக்கு முடியும்? நாங்க எந்தப் பக்கம் சுட்டா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?" என்று நாம் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம். இளநீரைக் குடித்துவிட்டு, குளித்துவிட்டு, திரும்பி வந்துவிடலாம். தோப்பு எங்கேயும் ஓடிப் போய்விடாது.

நாளைக்கு நாமெல்லாம் சூப்பர்வைசராக, ஜூனியர் இன்ஜினியராகப் போகப் போகிறோம். நாம் போடுகிற உத்தரவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாராவது ஒரு தொழிலாளி நிற்பார். மிஷினை ஓட்டச் சொல்வதற்கு முன், கிரேனைத் தூக்கச் சொல்வதற்கு முன், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டும். அதைப் பழகுவதற்குக் குறி பார்த்துச் சுடுவதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே நண்பர்களே, சுடுவோம், சந்தோஷமாகச் சுடுவோம்! சுடுவதற்கு முன் வரப்புக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம். அதற்கு உரிமமும் வேண்டாம், காசும் வேண்டாம். நாலு எட்டு நடந்தால் போதும்.